ஏர் பாக்ஸில் வெட்டிய மூன்று ஜன்னல்கள்

சேதுபதி அண்ணனின் லேபர் கார்டில் 'ஹெல்பர்' என்று போட்டிருந்தது. வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் எங்கள் கராஜுக்கு வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரும் அந்தக் கார்டைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஆறு வருடமாக அவர்களுடைய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தது அந்த ஹெல்பர்தான்.

கராஜ் உண்மையில் ரேடியேட்டர் வேலைக்கானது. லாரிகளும் பிக்கப்புகளும் வந்து நிற்கும். கம்ப்ரஸருக்கும் பின்சுவருக்கும் நடுவே இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஓர் இடம் சும்மா கிடந்தது. ஒரு நாள் யாரோ தள்ளிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிளை சேதுபதி அண்ணன் அங்கே வைத்துச் சரி செய்தார். அதிலிருந்து அது அவருடைய மூலையாகிவிட்டது. கமுதிப் பக்கம் ஒரு கிராமத்தில் வயல் கிணறுகளின் டீசல் பம்புசெட்டுகளைப் பிரித்துப் படித்த கை. பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் அங்கே சேர்ந்த 1996இல் அவருக்கு இருபத்தெட்டு வயது. என்னைவிட நான்கு வயது மூப்பு.

நான் பி.எஸ்சி. இயற்பியல். தொண்டியில் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கராஜில் உதிரிபாகங்கள் விற்கிற கவுன்ட்டரில் எனக்கு வேலை. பிளைவுட் தடுப்பும் ஒரு ஏ.சி.யும் இருந்ததால், அம்மா தெருவெல்லாம் "எம் மவன் ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தாள். அதை நான் மறுக்கவில்லை. என்னை சேதுபதி அண்ணன் 'டிகிரி பாய்' என்றுதான் கூப்பிடுவார். அதில் எவ்வளவு கிண்டல், எவ்வளவு மரியாதை என்று எனக்குக் கடைசி வரை பிடிபட்டதில்லை.

அவருக்கு ஒரு குறை இருந்தது. மோட்டார் சைக்கிளைச் சரி செய்வார், ஆனால் ஓட்ட முடியாது. லைசென்ஸ் கிடையாது. லைசென்சுக்கு மனுப் போட அர்பாப், அதாவது எங்கள் முதலாளி, ஆட்சேபனை இல்லை என்று கடிதம் தர வேண்டும். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அர்பாப் சிரித்துக்கொண்டே மறுத்தார்.

"லைசென்ஸ் வாங்கினவன் எல்லாம் வேற கம்பெனிக்குப் போயிட்டான்" என்று உருதுவில் சொன்னாராம். "நீ இங்கேயே இரு."

ஊரில்கூட டிவிஎஸ் ஃபிஃப்டி தவிர எதையும் ஓட்டாத மனிதருக்கு இதில் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் கேட்டேன்.

"ஆசையில்ல பாய். வண்டிய நான் டியூன் பண்றேன். ஓட்டிப் பாக்குறது அடுத்தவன். திரும்பி வந்து என்னா சொல்றான்? 'ஜைன்'ங்குறான். நல்லாருக்காம். என்னா நல்லாருக்கு, எங்க இழுக்குது, எங்க தயங்குது, ஒண்ணும் சொல்லத் தெரியாது. சோறாக்கிப் போட்டுட்டு ருசி பாக்காமயே எந்திரிச்சுப் போற மாதிரி இருக்கு."

அதனால் அவர் வண்டியிடமே கேட்கப் பழகியிருந்தார். ஓடி வந்த வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்திருந்தால் அதிகம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. வேறு சாட்சி அவருக்கு இல்லை.

அந்த வருடம் நவம்பரில் அர்பாபின் அக்கா மகன் சாலிம் தன் வண்டியைக் கொண்டுவந்தான். அறுநூறு சிசி ஹோண்டா. மணலுக்கென்றே செய்த வண்டி. வெள்ளிக்கிழமைகளில் அவனும் நண்பர்களும் லிவா பாலைவனத்துக்குப் போகிற வழியில் ஒரு பெரிய மணல்மேட்டில் ஏறிப் பார்ப்பார்கள். சாலிமின் வண்டி முக்கால் உயரத்தில் மூச்சடங்கி நின்றுவிடும். நண்பர்கள் மேலே நின்று கைதட்டிக் கூப்பிடுவார்களாம். அவமானம் தாங்காமல் மாமாவிடம் வந்திருக்கிறான்.

அர்பாப் சேதுபதி அண்ணனைக் கூப்பிட்டார். விரலை மேலே காட்டினார். "சாலிம் உச்சிக்குப் போனா, மறுநாள் உன் கடிதம். கலாஸ், அவ்வளவுதான்."

சேதுபதி அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கத்தில் சீட்டுக்குக் கீழே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைத் தட்டினார். அதுதான் ஏர் பாக்ஸ். எஞ்சின் இழுக்கிற காற்றெல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து, அங்கே இருக்கிற எண்ணெய் தோய்த்த ஸ்பாஞ்ச் ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, ரப்பர் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குப் போகும். பெட்டியின் வாயில் கம்பெனிக்காரன் ஒரு சின்ன ரப்பர் மூக்கு வைத்திருந்தான், சத்தம் குறைய. அந்த மூக்கு வழியாகத்தான் அவ்வளவு பெரிய எஞ்சினும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சாலிம் கவுன்ட்டரில் சாய்ந்து என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான்: இதைத் திறந்துவிட்டால் எவ்வளவு சக்தி கூடும்?

ஒரு பழைய மோட்டார் பத்திரிகையில் எதையோ படித்த ஞாபகத்தில், "குறைந்தது பத்து குதிரைத் திறன்" என்றேன். கூடவே ஆக்சிஜன், அடர்த்தி, எரிதல் என்று ஒரு சின்ன வகுப்பும் எடுத்தேன். சாலிம் மகிழ்ந்து போனான்.

அவன் போன பிறகு சேதுபதி அண்ணன் கேட்டார். "என்னா சொன்னீக?"

சொன்னேன்.

"பத்தா? நாலு வந்தாலே பெருசு. மிச்சம் ஆறு குதிரைய எங்கருந்து புடிச்சுட்டு வர்றது? நீங்களே புடிச்சு நீங்களே புல்லுப் போடுங்க, டிகிரி பாய்."

அவர் வேலை செய்ததை நான் கவுன்ட்டரை விட்டு வந்து நின்று பார்த்தேன். ரப்பர் மூக்கைப் பிடுங்கி எறிந்தார். பெட்டியின் பக்க மூடியில் பென்சிலால் கோடு போட்டு மூன்று நீளமான ஜன்னல்கள் வெட்டினார். ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டரில் இருந்த மெயின் ஜெட்டை எடுத்துவிட்டு, துளை பெரிதான ஒன்றைப் போட்டார். இதெல்லாம் ஒரு மணி நேரம். அதற்கு மேல் இரண்டு மணி நேரம் ஃபில்டரோடு உட்கார்ந்திருந்தார். அதன் விளிம்பில் கிரீஸை விரலால் தடவி, பெட்டியில் வைத்து அழுத்தி, எடுத்து, கிரீஸ் எங்கே பதிந்திருக்கிறது எங்கே பதியவில்லை என்று பார்த்து, மறுபடி தடவி.

"ஜன்னலைத் தொறந்தாச்சு. இனி மண்ணும் உள்ள வரும். வரட்டும். ஃபில்டரத் தாண்டி ஒரு பொடி போகக் கூடாது. போச்சுன்னா ஒரு மாசத்துல எஞ்சின் காலி."

புதன்கிழமை காலை சாலிம் வந்து வண்டியை எடுத்துப் போய், முசஃபாவைத் தாண்டி மணலில் ஒரு மணி நேரம் ஓட்டினான். திரும்பி வந்து சாவியைத் தூக்கிப் போட்டான். "ஜைன், ஜைன்!" கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

சேதுபதி அண்ணன் அப்போது ஒரு தண்ணீர் லாரியின் ரேடியேட்டருக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "பாய், அந்தப் பக்க மூடியக் கழட்டி வைங்க, இந்தா வந்துர்றேன்."

கழற்றினேன். ஃபில்டரையும் எடுத்தேன். பெட்டி முழுக்க மணல். முசஃபாவில் எதைத் திறந்தாலும் முதலில் கம்ப்ரஸர் குழாயை எடுத்துக் காற்றடிப்போம். பிறகுதான் பார்ப்போம். ரேடியேட்டர், மேசை, செருப்பு, டிபன் கேரியர், எல்லாவற்றுக்கும் அதுதான். கை தன்னால் போயிற்று. புஸ்ஸென்று இரண்டு முறை அடித்தேன். பெட்டி பளிச்சென்று ஆனது. அவர் வரும்போது சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம் வேறு.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதலில் பிளக்கைக் கழற்றினார். பிஸ்கட் நிறம். முகம் மலர்ந்தது. பளிச்சென்றிருந்த பெட்டியை நான் துணியால் துடைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய்க்குள் சுட்டுவிரலை விட்டுச் சுழற்றி எடுத்தார். விரல் நுனியைப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார்.

"மண்ணு" என்றார்.

விரலை என்னிடம் நீட்டினார். நானும் தொட்டுப் பார்த்தேன். நறநறவென்றிருந்தது. அந்த விநாடியில்தான் நான் செய்தது எனக்கு உறைத்தது. ஃபில்டர் இல்லாத பெட்டிக்குள் காற்றடித்தால் மணல் வேறெங்கே போகும்? திறந்திருக்கிற ஒரே குழாய் அதுதான்.

"விளிம்புல எங்கயோ விட்டுட்டேன்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "இல்லாட்டி ஜன்னல் அளவு பெருசு. அந்த வேகத்துக்கு ஃபில்டர் தாங்கல."

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அதற்கெல்லாம் வேலை போகாது. இயற்பியல் படித்தவன், காற்றழுத்தம் பற்றி வகுப்பெடுத்தவன், மணலை எஞ்சினுக்குள் ஊதினான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத்தான் நாக்கு எழவில்லை.

அவர் நேராக அர்பாபின் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. ஏதோ சொன்னார், விரலைக் காட்டினார், தலையை அசைத்தார். அர்பாப் இரண்டு கையையும் விரித்தார். வெளியே வந்தவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மண்ணு உள்ள போகுது, நாளைக்கு வெட்டாத மூடி ஒண்ணு தேடிப் போட்டுர்றேன்னுட்டேன். லெட்டர் மாஃபி."

இல்லை என்பதற்கு அரபியில் மாஃபி. அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாலையில் தொழிலாளர் கேம்ப்புக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, கிரீஸ் காய்ந்த விரல்களைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே வந்தார். தான் செய்யாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே எத்தனை நிறுத்தம் வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கேம்ப் வருவதற்குச் சற்று முன்னால் சொன்னேன்.

"அண்ணே, நான் காத்தடிச்சேன்."

"என்னாது?"

"ஏர் பாக்ஸ்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடி. ஃபில்டரக் கழட்டிட்டு கம்ப்ரஸர்ல அடிச்சேன்."

அவர் திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். "ஃபில்டர் இல்லாம?"

"ஆமாண்ணே."

"குழாய்ல துணி அடைச்சீகளா?"

"இல்ல."

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, இத்தனை மாதத்தில் முதல் முறையாக, 'நீங்க' போய்விட்டது. "ஏன்டா டேய், மூக்குல மொளகாப்பொடிய வச்சு ஊதுன மாதிரில்லடா பண்ணியிருக்க! எத்தனை வருசம்டா படிச்ச?"

"மூணு."

முன் சீட்டிலிருந்த பரமக்குடிக்காரர் ஒருவர் திரும்பி, "என்னப்பா, என்ன பிரச்சினை?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே, இவரு காத்துக்குப் படிச்சவரு" என்றார் சேதுபதி அண்ணன்.

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் மூச்சு விட முடிந்தது.

தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் அவர் நிம்மதியாகிவிடுவார் என்று நினைத்தேன். ஆகவில்லை. இறங்கி நடக்கும்போது சொன்னார்: "நீ அடிச்சதுல மண்ணு போயிருக்கும். சரி. அதுக்கு முன்னாடியும் போயிருந்துச்சுன்னா? எனக்கு அது தெரியணுமே. நீ சொன்னேங்கிறதுக்காக என் வேலை சரின்னு ஆயிருமா?"

என் ஒப்புதலை ஏதோ பெரிய பரிசு போலக் கொண்டுபோய் நீட்டியிருந்தேன். அவர் அதை எடை போட்டு, ஓரமாக வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கராஜ் திறந்ததும் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். ரப்பர் குழாயைத் துணியால் துடைத்துத் துடைத்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும் வரை துடைத்தார். பிறகு குழாயின் உள்பக்கம் முழுக்க மெல்லிசாகக் கிரீஸ் பூசினார்.

"ஃபில்டரத் தாண்டி ஒரு பொடி வந்தாலும் இதுல ஒட்டிக்கும். இப்ப யாராவது ஓட்டணும்."

சாலிம் டூட்டிக்குப் போயிருந்தான். அர்பாப் வர பத்து மணி ஆகும். கராஜின் பின்னால் அந்தக் காலத்தில் கட்டடம் எதுவும் இல்லை. உப்புப் பூத்த தரை, அதைத் தாண்டி மணல். சேதுபதி அண்ணன் வண்டியைப் பின்வாசல் வழியாகத் தள்ளினார்.

"அண்ணே, வேணாம்ணே. லைசென்ஸ் இல்ல."

"ரோடு எங்கடா இருக்கு? மண்ணுக்கு எதுக்கு லைசென்சு?"

ஏழாவது மிதிக்கு எஞ்சின் பிடித்தது. மூன்று ஜன்னல்களிலிருந்தும் ஓர் ஆழமான குரல், காளை மூச்சு விடுவது போல. முதல் கியரில் வண்டி அவர் கையை விட்டுத் துள்ளியது. உப்புத் தரையில் தடுமாறிப் போய், மணல் ஆரம்பிக்கிற இடத்தில் விழுந்தார். நான் ஓடினேன். அதற்குள் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, மறுபடி மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார். தூரத்தில் தூசி மட்டும் தெரிந்தது. சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் பாதி வேகத்திலிருந்து ஆக்ஸிலேட்டரைத் திருகுவதும் விடுவதும், திருகுவதும் விடுவதுமாகக் கேட்டது.

இருபது நிமிடம் கழித்து வந்தபோது புருவம்கூட வெளுத்திருந்தது. முழங்கையில் ரத்தம். இறங்கியதும் மூடியைத் திறந்தார். ஃபில்டரின் வெளிப்பக்கம் மணல் அப்பியிருந்தது. அதைக் குலுக்காமல் எடுத்து, குழாய்க்குள் டார்ச் அடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். கிரீஸ் காலையில் பூசியபடியே பளபளவென்றிருந்தது. ஒரு பொடி இல்லை.

"அண்ணே!" என்று கத்திவிட்டேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். முகத்தில் வேறு யோசனை. "பாதி திருகுன எடத்துல ஒரு தயக்கம் இருக்குடா. கணக்கா, மேட்டுல ஏறுறப்ப கை வைக்கிற எடம். பிளக்கு அதச் சொல்லவே இல்ல பாரு. ஃபுல்லாத் திருகுனா நல்லா ஓடும், பிளக்கும் நல்ல கலராயிரும். அந்தப் பய 'ஜைன்'னுட்டுப் போயிட்டான்."

கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஒரு மெல்லிய ஊசி உண்டு. அதன் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி ஒரு படி இறக்கி மாட்டினார். ஊசி கொஞ்சம் உயர்ந்து நிற்கும். பாதித் திருகலில் பெட்ரோல் சற்றுக் கூடும். மறுபடி பூட்டி, மறுபடி ஓட்டி வந்தார். இந்த முறை விழவில்லை. திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தார். வாசலில் அர்பாப் நின்றுகொண்டிருந்தார்.

அர்பாப் கத்திய கத்தலில் பக்கத்து வெல்டிங் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். போலீஸ் பிடித்திருந்தால் யார் உள்ளே போவது? உன் விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீல் நான் அல்லவா? லைசென்ஸ் இல்லாமல் எப்படி ஏறலாம்?

"அதுக்குத்தானே அர்பாப் லெட்டர் கேக்குறேன்" என்றார் சேதுபதி அண்ணன், தன் உடைந்த உருதுவில், மிக மரியாதையாக.

அர்பாப் வெல்டிங் கடைக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் முன்னால் போய் நேற்று நடந்ததைச் சொன்னேன். மணல் போனது என்னால்; அவர் ஓட்டியதும் அதனால்தான். அர்பாப் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஜாமியா போனவன்தானே?" பல்கலைக்கழகத்துக்குப் போனவன்தானே என்று கேட்கிறார். "அங்கே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா?"

வெல்டிங் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அர்பாபுக்கும் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு வெள்ளி. பார்க்கலாம்" என்று உள்ளே போனார்.

நாங்கள் அந்த மணல்மேட்டை இன்று வரை பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை சாலிம் வந்து சொன்னதுதான் தெரியும். முதல் தடவை கடைசிப் பத்து மீட்டரில் சறுக்கிவிட்டானாம். இரண்டாவது தடவை உச்சி. சேதுபதி அண்ணனைக் கட்டிப்பிடித்தான். "ஜைன்?" என்று அவர் கேட்டார். "ஜைன்!" என்றான். அவர் விடவில்லை. எந்த இடத்தில் கியர் மாற்றினாய், பாதித் திருகலில் எப்படி இருந்தது, இறங்கும்போது சத்தம் மாறியதா என்று கைச்சாடையிலும் உருதுவிலும் துளைத்தெடுத்தார். அவரும் அந்த வண்டியை ஓட்டியவர் என்பதால் சாலிமுக்கும் இந்த முறை பதில் சொல்ல வந்தது.

கடிதத்தின் ஆங்கிலப் பாதியை நான்தான் தட்டச்சு செய்தேன். அர்பாப் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, தன் கையாலேயே கொடுத்தார்.

பிப்ரவரியில் முதல் டெஸ்ட். இஸ்திரி போட்ட சட்டையில் போனவர் மதியமே திரும்பி வந்தார். பெயில்.

"விழுந்துட்டீகளாண்ணே?"

"விழல. அவங்க குடுத்த வண்டி சின்னது. ஸ்டார்ட் பண்ணுனதுலருந்தே இருமிக்கிட்டு இருந்துச்சு. நானும் பொறுத்துப் பாத்தேன். கூம்பு கூம்பா வச்சிருந்தாங்க, மூணு தாண்டுனேன். நாலாவதுல தாங்கல. நிறுத்தி, உக்காந்து, ஐடில் ஸ்க்ரூவ கால் சுத்து திருப்பி விட்டேன்."

"டெஸ்ட்டு நடக்கிறப்பவா?"

"போலீஸ்காரர் ஓடி வந்தாரு. 'ரெண்டே நிமிசம் சார்'ன்னேன். பேப்பர்ல கோடு போட்டுட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். "எனக்குப் பின்னாடி போன ரெண்டு பேரும் அதே வண்டிதான். ஜோரா ஓடுச்சு. பாஸ்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டார். நான் வருத்தப்பட்ட அளவுக்கு அவர் படவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. அத்தனை பாடுபட்டு வாங்கிய கடிதம். மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் என்ன? அந்த இடத்தில் நானாக இருந்தால் வண்டியின் இருமல் என் காதில் விழுந்தே இருக்காது. மூன்று வருடம் நான் எழுதிய பரீட்சைகளையெல்லாம் அப்படித்தான் எழுதியிருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில், வேறெதையும் தொட்டதில்லை.

இரண்டாவது டெஸ்ட்டிலும் வேறு ஏதோ காரணத்தால் தவறினார். ஏப்ரலில் மூன்றாவது. அன்று மாலை கவுன்ட்டருக்கு வந்து லைசென்ஸ் அட்டையை என் முன்னால் வைத்தார். பார்த்துவிட்டுத் துள்ளினேன்.

"இந்தத் தடவை வண்டி நல்லா இருந்துச்சாண்ணே?"

"எங்க! செயின் தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. பிரேக்கு வேற கத்துச்சு." அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கைய ஹேண்டில விட்டு எடுக்கவே இல்லடா. கேக்காத மாதிரியே ஓட்டிட்டு வந்துட்டேன்."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.